கதவில்லாத பள்ளிவாசல்

எதையும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. (கடம்பூர் பேருந்தில் ஏறினால் சன்னல் கம்பிகளை எண்ணி முடித்துவிட்டுத்தான் டிக்கெட்டே எடுப்பேன்.) அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு கதவை எண்ணத் தவறினேன்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். கோவில்பட்டியில் வரலாற்று ஆசிரியர் நான். தலைமை ஆசிரியர் பதவிக்கு என் பெயர் மேலே போயிருந்தது. அதற்கு முன் ஆய்வு அலுவலர் அம்மா என் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. பாடம், இஸ்லாமியக் கலை. ஆசிரியர்களுக்கென்றே படமும் விளக்கமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

படம் இலவசம்தான். நாற்காலிக்குத்தான் மணிக்கணக்கில் காசு. பக்கத்தைத் தேடவே அரைமணி போயிற்று. பிறகு ஈரான் பள்ளிவாசல் ஒன்று மேலிருந்து வரிவரியாக இறங்கியது. குவிமாடத்துக்குப் பதினோரு நிமிடம். அடுத்து ஓடு வேலைப்பாடு. வரிசைக்குப் பதினாறு நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் எட்டு முனை. ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் கீழ்ப்பகுதி வெறும் சாம்பல் நிறமாக நின்றது.

“பிரிண்ட் எடுங்க,” என்றேன்.

“கொஞ்சம் பொறுங்க சார். படம் இன்னும் வருது,” என்றார் சென்டர்க்காரர்.

அடுத்த மணியைத் தொடங்கப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. (ஆளைப் பார்த்தே எடைபோடுவேனாம்.) “இது போதும்.”

மறுநாள் நாற்பத்திரண்டு பிள்ளைகள். பின்வரிசையில் அலுவலர் அம்மா. சாம்பல் பகுதியைக் குச்சியால் தொட்டு, “மேலே அத்தனை அலங்காரம், கீழே வெறும் சுவர். இதுதான் அடக்கம்” என்று ஆறு நிமிடம் உருகினேன்.

முத்துலட்சுமி எழுந்தாள். “சார், கதவே இல்லையே. தொழப் போறவிய எந்த வழியா உள்ள போவாவ?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “சுரங்கப்பாதை,” என்றேன்.

நாற்பத்தொரு பேர் எழுதிக்கொண்டார்கள். அவள் எழுதவில்லை.

“அந்தச் சுரங்கத்த நானும் பாக்கணுமே சார்,” என்றார் அலுவலர் அம்மா. மாலையே என்னைக் கூட்டிக்கொண்டு சென்டருக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படம் இறங்கத் தொடங்கிய நாற்பதாவது நிமிடத்தில் வாசல் வந்தது. மூன்று மாடி உயரம். முதல்நாள் இன்னும் பன்னிரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் போதும்.

“நேத்தே சொன்னேம்லா,” என்றார் சென்டர்க்காரர்.

அம்மா வாசலைப் பார்த்தார், பிறகு என்னை. “பெரிய சுரங்கம்தான் சார்.”

பதவி உயர்வு இரண்டு ஆண்டு நான்கு மாதம் தள்ளிப் போனது. இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், என் மனைவி அடுக்களையிலிருந்தே கேட்பாள்: “கதவு வந்துட்டா, இல்ல சுரங்கந்தானா?”

இதுவரை எத்தனை முறை கேட்டிருக்கிறாள் என்பதை மட்டும் நான் எண்ணுவதில்லை.