மீன்கடை ஐஸும் பினோ நுவாரும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது. அதற்கு முன்னர் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவேன். பிரெஞ்சில் கேட்டால் இன்னும் வேகமாக ஆட்டுவேன்.

2009இல் பாரிசுக்கு வந்தேன். சில வருடங்கள் கழித்து தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் ஒரு வைன் கடையில் போத்தல் அடுக்கும் வேலை கிடைத்தது. (எங்கள் குடும்பத்தில் வைனை யாரும் மோந்துகூடப் பார்த்ததில்லை.) நாள் முழுக்கத் துடைத்துத் துடைத்து அடுக்குவேன். இதற்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்ற அரிப்பு மட்டும் போகவேயில்லை.

ஒரு நாள் சோலேன் என்ற பெண்மணி பிரான்சின் மேற்குக் கோடியிலுள்ள பிரெத்தாஞ் கடற்கரையிலிருந்து வந்தார். முன்பு வீடு வீடாகத் தபால் கொடுத்தவர். குளிர்காற்று அடிக்கும் கடலோரத் துண்டு நிலத்தில் பினோ நுவார் என்ற கருந்திராட்சையை நட்டு, பழுக்காது என்று ஊரே சிரிக்க, முதல் வைனை எடுத்திருந்தார். அன்று பின்னேரம் பெரிய உணவகத்துக்காரர் ஒருவர் ருசி பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் சோலேனின் விளைச்சல் முழுவதும் அங்கே போய்விடும்.

முதலாளி சோலேனைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போகும்போது என்னிடம் சொன்னார்: "மதாம், இவர் கொண்டுவந்த ஐந்து போத்தல்களையும் கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி வையுங்கள். கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்."

தலையாட்டினேன்.

ஊற்றிய பிறகுதான் யோசித்தேன், எப்படிக் குளிராக்குவது? எங்கள் கடையின் வான் ஓட்டும் குகன் அண்ணையைக் கேட்டேன். உலகத்தில் அவருக்குத் தெரியாத விசயம் கிடையாது.

"இதென்ன கேள்வி தங்கச்சி? சர்பத்தை எப்பிடிக் குளிராக்கிறனீ? ஐஸைப் போடு."

"வைனுக்கை ஐஸ் போடுறவையோ அண்ணை?"

"பெரிய ஆக்கள் எல்லாம் அப்பிடித்தான். நில்லு, நான் கொண்டாறன்."

பத்து நிமிடத்தில் ஒரு வாளி நிறைய ஐஸுடன் வந்தார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. தாராளமாக அள்ளிப் போட்டேன்.

முதலாளியும் சோலேனும் உணவகத்துக்காரருடன் வரும்போது ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. வைன், செவ்வரத்தம்பூ அவித்த தண்ணீரின் நிறத்துக்கு வந்திருந்தது. பினோ நுவார் வெளிறித்தான் இருக்கும் என்று முதலாளி யாருக்கோ சொன்னதை நினைத்து ஆறுதலடைந்தேன்.

உணவகத்துக்காரர் கிளாசுக்குள் மூக்கை விட்டார். கண்ணை மூடினார். "கடல்!" என்றார்.

இன்னொரு முறை மோந்தார்.

"உப்புக்காற்று... பாசி... அலை வந்து பாறையில் அடிக்கிறது!"

"பாறைதான், சந்தேகமேயில்லை" என்றார் முதலாளி.

"முழு விளைச்சலையும் நானே எடுக்கிறேன்."

சோலேனும் ஒரு வாய் குடித்தார். அவர் முகம் கோணியது. அலுமாரிக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போய் மெதுவாகக் கேட்டார்: "இதற்குள் என்ன போட்டீர்கள்?"

"ஐஸ்."

"எங்கே எடுத்தது?"

வாசலில் நின்ற குகன் அண்ணையைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பக்கத்து மீன்கடையிலை. சூடைமீன் கிடந்த வாளிதான். ஆனா நல்லாக் கழுவினனான், ஓம்!"

'கழுவினார்' என்பது வரை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

சோலேன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வியாபாரம் முடிந்திருக்கும். ஆனால் அவர் நேரே போய், "ஐயா, நீங்கள் ரசித்தது என் வைனை இல்லை. பக்கத்துக் கடை மீனை. காரில் ஒரு போத்தல் இருக்கிறது, அதைக் குடித்துப் பாருங்கள்" என்றார்.

அந்த மனிதரின் காது சிவந்தது. அவசர வேலை என்று சொல்லிவிட்டு, தொப்பியையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். "நாளைக்கு வரவேண்டாம்" என்று முதலாளி என்னிடம் சொன்னார். நான் அழத் தொடங்கினேன்.

சோலேன் காரிலிருந்த போத்தலை எடுத்து வந்து எனக்கு ஒரு கிளாஸ் ஊற்றினார். "எப்போதாவது வைன் குடித்திருக்கிறீர்களா?"

"இல்லை. ஒன்றுமே தெரியாது" என்றேன். பிரெஞ்சில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

குடித்தேன். முதலில் புளித்தது. பிறகு செரிப்பழம் மாதிரி ஒன்று வந்தது. அதன் பின்னால் மழை பெய்த மண்ணின் மணம். விழுங்கிய பிறகு நாக்கில் மெல்லிய உப்பு. (அது கடலா, என் கண்ணீரா என்பது இன்றுவரை தெரியாது.)

"என்ன தெரிகிறது?"

தேடித் தேடிப் பார்த்து, "மீன் இல்லை" என்றேன்.

சோலேன் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொஞ்சம் பொறுத்து முதலாளியும் சிரித்துவிட்டார். என் வேலை தப்பியது.

போவதற்கு முன், ஒரு காகிதத்தை நீட்டி என் மொழியில் ஒரு வரி எழுதச் சொன்னார் சோலேன். அடுத்த வருடப் போத்தல்கள் வந்தபோது, பின்பக்க லேபிளில் பிரெஞ்சுக்குக் கீழே பொடி எழுத்தில், என் கோணல் கையெழுத்திலேயே அது அச்சாகியிருந்தது: 'ஐஸ் போட வேண்டாம்.'

தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் என் மகள், எழுத்துக்கூட்டித் தானாக வாசித்த முதல் தமிழ் வாக்கியம் இதுதான். வீட்டுக்கு யார் வந்தாலும் வெறும் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். "எங்கட அம்மா எழுதினவ!" என்பாள். அதை மட்டும் தமிழில்தான் சொல்வாள்.