பத்தரைக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்

உமாபதி என் வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை ராத்திரி, பாதித் தோசையில், நான் எடுத்த சபதம் இது.

அந்த உமாபதி இரண்டு மாதத்துக்கு முன்பு புக்கிட் செந்தோசாவில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவன். ராவாங்கில் கம்ப்யூட்டர் கடையில் வேலை. கடைப்பெயர் போட்ட நீலச் சட்டை, தலை நிறைய முடி. எனக்கு முடி இல்லாதது அவன் குற்றமில்லைதான். இருந்தாலும் மன்னிக்க முடியவில்லை.

என் மனைவி உஷாராணி வீட்டில் டியூஷன் எடுக்கிறாள். கேள்வித்தாள் எல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில்தான். அதில் இருப்பது நாலு ஜிபி ஹார்ட் டிஸ்க். பழைய ஃபைல் சிஸ்டத்துக்கு அதில் இரண்டுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மீதி இரண்டு சும்மா கிடந்தது. டிஸ்க்கை முழுக்க அழித்துப் புது சிஸ்டம் போடச் சொல்லி மூன்று மாதமாய்க் கேட்டாள். நானும் மூன்று மாதமாய் "நாளைக்கு" என்றேன்.

அன்றைக்கு அவள் கேட்கவில்லை.

"டிஸ்க் விஷயத்துல நீங்க சிரமப்படாதீங்க. நாளைக்கு உமாபதி அண்ணன் வராரு."

"எத்தன மணிக்கு?"

"ராகு காலம் முடிஞ்சு, பத்தரைக்கு."

"அவன் எப்ப உனக்கு அண்ணன் ஆனான்?"

"பின்ன தம்பின்னா கூப்பிடறது? நாப்பது வயசாச்சு லா அவருக்கு."

வயது வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறாள்! எனக்கு வயிறு எரிந்தது. தோசைக்கு வைத்த சட்னி காரணமில்லை.

படுத்துக்கொண்டே திட்டம் போட்டேன். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை. உமாபதி அந்த நேரத்தில் எந்த வேலையும் தொடமாட்டான். அப்படியென்றால் அந்த ஒன்றரை மணி நேரமும் எனக்கே சொந்தம். ராகுவைக் கூட்டாளி சேர்த்துக்கொண்ட முதல் புருஷன் நானாகத்தான் இருப்பேன்.

சரியாக ஒன்பது மணிக்கு ஃபிளாப்பியைச் செருகினேன்.

"ராகு காலத்திலயா ஆரம்பிக்கிறீங்க?"

"கம்ப்யூட்டருக்கு ஏதுடி ராகு காலம்?"

"அதுவும் சரிதான்," என்று தேத்தண்ணி கலக்கப் போய்விட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பேச்சை அவள் ஒரே தடவையில் ஒத்துக்கொண்டது அன்றுதான். நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

டிஸ்க்கில் இருந்த பழைய பிரிவை அழித்தேன். முழு டிஸ்க்குக்கும் ஒரே பிரிவாகப் புதிதாய்ப் போட்டேன். ஃபார்மேட் கொடுத்ததும், இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. என் கல்யாணத்தில்கூட யாரும் இவ்வளவு தெளிவாக எச்சரிக்கவில்லை. சம்மதம் என்று தட்டினேன்.

பத்து சதவீதம் ஓடிய பிறகுதான் கேள்வித்தாள் ஞாபகம் வந்தது.

"உஷா... உன் கேள்வித்தாளெல்லாம்..."

அவள் பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினாள். உள்ளே இருபத்தாறு ஃபிளாப்பி.

"வியாழக்கிழமையே காப்பி எடுத்துட்டேன்."

"வியாழக்கிழமையேவா?"

"தேத்தண்ணி ஆறுது. குடிங்க."

பத்து இருபத்தெட்டுக்கு நூறு சதவீதம் ஆனது. நாலு ஜிபியும் முழுசாகத் தெரிந்தது. முகம் கழுவி, நல்ல சட்டை மாட்டி, கம்ப்யூட்டர் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். வரட்டும்.

பத்தரைக்கு வந்தான். கூடவே அவன் மனைவி புஷ்பா. அவள் கையில் குங்குமச்சிமிழும் பத்திரிகையும் வைத்த தட்டு.

"திருச்செல்வம் அண்ணே, அடுத்த ஞாயித்துக்கிழமை மகளுக்குக் காது குத்து. கோலா சிலாங்கூர்ல. குடும்பத்தோட வந்துரணும்."

"இதுக்கா வந்தீங்க?"

"ஆமாண்ணே. ராகு காலம் முடியட்டும்னுதான் காத்திருந்தோம்."

"அப்ப ஹார்ட் டிஸ்க்?"

"அது என்னண்ணே? நான் கடையில லோரி ஓட்டறேன். பெட்டிய இறக்கி வைக்கிறதோட சரி. உள்ள என்ன இருக்குன்னு பார்த்ததே இல்ல."

நான் உஷாவைப் பார்த்தேன். அவள் புஷ்பாவுக்குப் பொட்டு வைப்பதில் மும்முரமாக இருந்தாள்.

அவர்கள் போன பிறகு பிடித்துக்கொண்டேன். "அவன் டிஸ்க்க செய்வான்னு சொன்னியே?"

"வராருன்னுதான் சொன்னேன். வந்தாரா இல்லியா?"

சொல்லிவிட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "கூரைத் தகரத்துல இலை அடைச்சுக் கெடக்கு. உமாபதி அண்ணன்கிட்ட ஏணி இருக்காம்..."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்த கையோடு போய், அவனிடமே ஏணியை இரவல் வாங்கி, கூரைமேல் ஏறினேன்.