மேசையோடு சேர்ந்துபோன முக்காலி

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மனைவியும் நல்ல சுகம். வீட்டில் மற்றவையும் அவ்வாறே, சாப்பாட்டு மேசை நீங்கலாக. வெளியூர் வேலையில் நீங்களும் சவுக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனி வருவதை உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

விஷயம் என்னன்னா, எனக்குச் சர்க்கரைன்னு டாக்டர் சொன்ன நாளா என் மக பிஸ்கட் டப்பாவ அலமாரி உச்சியில வெச்சிருக்கா. நேத்து அவ வேலைக்குப் போனதும் முக்காலி மேல ஏறினேன். டப்பா கைக்கு வந்துச்சு, முக்காலி காலுக்கடியிலருந்து போயிடுச்சு. உக்கார்ற பலகை ரெண்டாப் பிளந்துக்கிச்சு. பயப்படாதீங்க, பிஸ்கட் ஒண்ணுகூட உடையல. அவ வர்றதுக்குள்ள ஒட்டிடலாம்னு பாத்தா, மரத்த இறுக்கிப் பிடிக்கற உங்க இரும்பு கிளாம்பையெல்லாம் பூட்டி வெச்சுட்டுப் போயிருக்கீங்க. “ரெண்டு மரத்த ஒட்ட இத்தன இரும்பா மாப்ளே, என்ன பாலமா கட்டறீங்க?”ன்னு உங்கள எத்தன தடவ நக்கல் பண்ணியிருக்கேன்! அந்தத் திமிருல நானே ஒண்ணு செஞ்சேன். ஒரு பலகை, அதோட ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு கட்டைய வெச்சு ஸ்குரூ முடுக்கினேன். நடுவுல முக்காலியத் தலகீழாப் போட்டு, பிளவுல பசையத் தடவி, மிச்சமிருந்த சந்துல ரெண்டு ஆப்ப எதிரும் புதிருமா சொருகி இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. பசை பிதுங்கி வழிய, பிளவு அப்படியே மூடிக்கிச்சு. அசைச்சுப் பாத்தேன், ஆடல. ‘இதல்லவா பிடி!’ன்னு ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டேன்.

குனிஞ்சு வேலை செய்ய முழங்கால் விடாதில்லையா, அதனால எல்லாத்தையும் உங்க மேசை மேலதான் வெச்சுக்கிட்டேன். ஆமா, கல்யாண நாளுக்கு அவளுக்காக நீங்களே இழைச்சுக் குடுத்தீங்களே, அந்த மேசைதான். பசை காஞ்சதும் பலகையத் தூக்கினேன். மேசையும் கூடவே எழும்பிச்சு! ஸ்குரூ நீளம், பலகை மெலிசு. கட்டையத் தாண்டி, பலகையத் தாண்டி உங்க மேசைக்குள்ள போய் உக்காந்திருக்கு. வழியற பசை ஒட்டாம இருக்க பலகைக்கும் முக்காலிக்கும் நடுவுல காயிதம் போடவும் மறந்துட்டேன். கழட்டப் போனா ஸ்குரூ தலை மழுங்கிப்போச்சு. இப்ப முக்காலி, பலகை, மேசை எல்லாம் ஒரே குடும்பம்.

போர்வையப் போட்டு மூடினேன். சாயங்காலம் அவ வந்தா.

“என்னப்பா அது, மூணு காலையும் மேல நீட்டிக்கிட்டு?”

“மாப்பிள்ளைக்குப் பொறந்த நாள் பரிசும்மா. தொறக்காத.”

“அவர் பொறந்த நாள் போன மாசமே போயிடுச்சேப்பா!”

“அந்த வெக்கத்துலதான் போர்த்தி வெச்சிருக்கேன்.”

நேத்துலருந்து மடியில தட்ட வெச்சுச் சாப்பிடறோம். இன்னிக்கு அவ போனப்புறம் காய் வெட்டற கத்திய விட்டு நெம்பினதுல மேசை ஓரம் ஒரு சிலாம்பு பேந்துக்கிச்சு. அதையும் ஒட்டி, வழிஞ்ச பசையச் சுத்தமா துடைச்சுட்டேன்.

மாப்ளே, பிஸ்கட்டுக்கு அவ திட்டினா வாங்கிக்குவேன். ஆனா இந்த மேசைன்னா அவளுக்கு உயிரு. இது தெரிஞ்சா திட்டமாட்டா, பேசாம சோறு போட்டுட்டுப் போயிடுவா. அந்தச் சோறு எனக்கு எறங்காது. அவ போர்வையத் தூக்கறதுக்குள்ள நீங்க வந்து காப்பாத்தணும். உங்களக் கிண்டல் பண்ணதுக்கு உங்க கிளாம்பு ஒவ்வொண்ணுகிட்டயும் தனித்தனியா மன்னிப்புக் கேக்கறேன்.

கையும் காலும் திடமாக, எடுத்த காரியமெல்லாம் ஒட்டி, ஒட்டக்கூடாதது ஒட்டாமல் நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும். வரும்போது ஸ்குரூ கழற்ற நல்ல திருப்புளி ஒன்று கொண்டுவரவும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுட்டு மடிக்கலாம்னு எடுத்தா காயிதம் வரல. சிலாம்ப ஒட்டின அதே மேசை ஓரத்துல வெச்சுத்தான் எழுதினேன். ‘சுத்தமா துடைச்சுட்டேன்’னு மேல எழுதினத அடிச்சுடுங்க. இழுத்தா கிழியுது. ஆக, இந்தக் கடிதாசி உங்களுக்கு வராது, நீங்கதான் இதுகிட்ட வரணும். உங்க வீட்டுக்காரி வேலையிலருந்து வந்து என் முதுகுக்குப் பின்னாடி நின்னு படிக்கறா. தோள் மேல வெச்ச கை குலுங்குது. அழறாளா, சிரிக்கறாளான்னு திரும்பிப் பாக்க தைரியம் வரல. இப்ப வாயத் தொறந்துட்டா. அவ சொல்றத அப்படியே எழுதறேன்: “கடிதாசிய யாரும் பிய்க்க வேணாம்ப்பா. அவர் வந்ததும் இது மேலயே வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்க. இனிமே அவர நீங்க நக்கல் பண்ணா, தொட்டுக் காட்டறதுக்கு இருக்கட்டும்.”