மேஜருக்காக நான் துரையான கதை

பதினொரு நாள் நான் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குத் துரையாக இருந்திருக்கிறேன். நியமனக் கடிதம் கிடையாது, சம்பள உயர்வு கிடையாது. என்னை அந்தப் பதவியில் உட்கார வைத்தது ஒரு கிழட்டு நாய். (இதைப் பிள்ளைகளிடம் நானே சொல்லியிருக்கக் கூடாது. சொல்லித் தொலைத்துவிட்டேன்.)

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. ஈப்போவிலிருந்து கிளம்பி, பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வேலைக்கு எடுத்தபோது மேனேஜர் கேட்ட ஒரே கேள்வி, நாய் பிடிக்குமா என்பதுதான். பிடிக்கும் என்றேன். ஈப்போவில் நாய்க்குப் பயந்து தெரு மாறிப் போகிறவன் நான்.

மேனேஜர் பாலக்காட்டுக்காரர். வெள்ளைக்காரர்கள் போய்விட்டாலும் துரை என்ற பட்டம் போகவில்லை, அவரும் துரைதான். மனைவியை இழந்தவர். பங்களாவில் அவருக்குத் துணை மேஜர் என்ற நாய். வயது பதினான்கு. கண்களில் பால் படர்ந்திருந்தது, காது அறவே கேட்காது, குளிரில் பின்னங்கால்கள் எழ மறுக்கும். துரை ஒரு மாத லீவில் ஊருக்குப் போகும்போது என்னைக் கூப்பிட்டு, "கிராணி, மேஜர் சந்தோஷமா இருக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதானே என்று நானும் இருந்துவிட்டேன். கோணிச்சாக்கை அடுப்பருகே சூடுகாட்டி விரித்தேன். வயிற்றுக்கடியில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். கோழியைப் பிய்த்துக் கஞ்சியில் கரைத்து வைத்தேன். (நான் சாப்பிட்டது டப்பா சார்டின் மீன்.) மூன்றாவது வாரம் மேஜர் கஞ்சியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாசற்படியில் தாடையை வைத்து, தெரியாத கண்ணால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் போனால் உயிர் நிற்காது என்று தோன்றியது. துரை முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விலா எலும்பு தெரிந்த அவனை விட்டுப் போக மனமில்லாமல் ராத்திரியெல்லாம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பங்களாவில் சமைக்கும் பாக்கியம் அக்காதான் வழி சொன்னார். "அவனுக்குச் சோறு வேணாம் லா தம்பி. தொரதான் வேணும்" என்று, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த துரையின் கம்பளிக் கோட்டை எடுத்து நீட்டினார். துவைத்துப் பல வருஷம் ஆன கோட்டு. போட்டுக்கொண்டேன். துரையின் பூட்ஸுக்குள் பழைய பேப்பரைத் திணித்து மாட்டிக்கொண்டேன். தொப்பி காது வரை இறங்கியது. அக்கா சிரிப்பை அடக்க அடுப்படிக்குப் போய்விட்டார். மேஜர் கோட்டு நுனியில் மூக்கை வைத்தான். வால் தரையில் இரண்டு முறை தட்டியது. பிறகு கஞ்சிக் கிண்ணத்தில் முகத்தைப் புதைத்தான்.

சாப்பிட்டு முடித்தவன் வாசலில் போய் நின்றான். துரை தினமும் காலையில் அவனோடுதான் தோட்டத்தைச் சுற்றுவார். வேறு வழியில்லாமல் கிளம்பினேன்.

அந்தக் காலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. மலையைப் பனி விழுங்கியிருந்தது. எங்கோ கீழே தொழிற்சாலையில் இலை வாடும் வாசனை. கண்ணுக்குத் தெரிந்தது மேஜரின் முதுகு மட்டும். அது மெதுவாக ஆடியபடி முன்னே மிதந்தது. எந்தத் தேயிலை நிரையில் திரும்ப வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. நான் தூக்கத்தில் நடப்பவன்போல் பின்னால் போனேன். அப்போது மேட்டில் கொழுந்தெடுத்த பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது.

தோட்டத்தில் ஒரு வழக்கம். தொப்பியைக் கண்டால் தலையைக் குனிய வேண்டும். முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆட்களை வேலை வாங்கும் கங்காணி சரிவில் ஓடிவந்தார். அதுவரை என்னை ஏறெடுத்தும் பார்க்காதவர், தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். "தப்புதான் தொர. மூத்தவ நிச்சயதார்த்தம். ரெண்டு நாளா நாலாம் நம்பர் காட்டுல கொழுந்து எடுக்கல. ஆளுங்கள நான்தான் சமையலுக்குக் கூப்பிட்டேன்."

நான் துரை இல்லை, கிராணி என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடுமே என்று, துரை செய்வதுபோல் "ம்ம்" என்று மட்டும் சொல்லி நடந்தேன். (அந்தக் குனிந்த தலை எனக்குப் பிடித்திருந்தது என்பதும் உண்மை.)

அந்த ஒரு "ம்ம்"மில் தோட்டமே நிமிர்ந்தது. நாலாம் நம்பர் சுத்தமானது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சாக்கடை அடைப்பு நீங்கி ஓடியது. லீவில் போன துரை எப்போது திரும்பினார், ஏன் ஆபீசுக்கு வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. திட்டு வாங்க யாருக்கு ஆசை? மேஜர் தேறினான். நானும் நிஜத் துரை வரும் தேதியையே மறந்துபோனேன்.

பதினொன்றாம் நாள் கங்காணி, மூத்தவள் கல்யாணத்துக்கு அழைக்கக் குடும்பத்தோடு நிரையிலேயே காத்திருந்தார். இளைய மகள் தாம்பூலத் தட்டோடு நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், குனிந்த தலையோடு எட்டி மாலையைப் போட்டுவிட்டார். சரியாக அந்த நேரம் பார்த்துப் பனி விலகியது. எதிரே ரோட்டில் ஒரு டாக்சி. பெட்டியோடு துரை.

நாற்பது பேர் நிமிர்ந்து, முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்கள். வேலை போயிற்று என்று முடிவே செய்துவிட்டேன். மேஜர் மெதுவாகப் போய்த் துரையை முகர்ந்தான். புதுச் சட்டை, பாலக்காட்டு எண்ணெய் வாசனை. மரியாதைக்கு ஒருமுறை வாலை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்து, என் காலில் இருந்த பூட்ஸ்மேல் படுத்துக்கொண்டான்.

துரை தொப்பியிலிருந்து மாலை வரை என்னைப் பார்த்தார்.

"சாப்பிடுறானா?"

"சாப்பிடுறான் சார்."

"இந்தக் கோட்டோடவா?"

"கோட்டோடதான் சார்."

நான் அவசரமாகப் பொத்தானைக் கழற்றப் போனேன். துரை கையால் தடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "கழட்டாதே. இப்பதான் கண்ண மூடுறான்."

மேஜர் தூங்கி எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை மாலையும் கழுத்துமாக, மொத்தத் தோட்டமும் பார்க்க, அசையாமல் நின்றேன். துரை பக்கத்திலேயே பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு காலையில் மூன்று பேராக நடந்தோம். அடுத்த மழைக்காலத்தில் மேஜர் போனான். அழுதேன், வெட்கப்படாமல் அழுதேன். கோட்டுக்குள் இருந்தது வேறு ஆள் என்று நாய் மூக்குக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நான் படும் பாட்டைப் பார்த்துப் பாவம் என்று சாப்பிட்டிருப்பான்.

தட்டோடு நின்ற அந்த இளையவளைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன். இன்றும் வீட்டில் சண்டை வந்தால் பிள்ளைகள் அமைதியாகிக் காத்திருப்பார்கள், அம்மா அதைச் சொல்லப்போகிறாள் என்று. அவளும் ஏமாற்றுவதில்லை.

"எங்கப்பாதான் மொகத்தப் பாக்காம ஒங்களுக்கு மாலை போட்டாரு. நானாவது பாத்துட்டுப் போட்டிருக்கணும்."