இடப்பக்கமாகத் திரும்பிப் படுப்பது பற்றி

பெரிய மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். சுகமில்லை என்று பதில் எழுதிவிடாதீர்கள், அதைத் தாங்கும் நிலையில் நான் இல்லை. எனக்கு இடுப்பில் வலி.

தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிறவன் மாடி மாடியாக ஏறாமல் பிழைக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் ஒரு கட்டடத்தில் படியேறும்போது வலது இடுப்பின் வெளிப்புறம் சுருக்கென்றது. வாயு என்று விட்டுவிட்டேன். பிறகு உட்கார்ந்து எழுந்தால் வலி, வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் உயிர் போகிற வலி. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் இருக்கிறாரே, அவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இடுப்பு மூட்டுக் கிண்ணம் தேஞ்சு போச்சு சார். கத்தி வெச்சே ஆகணும். லீவு எவ்வளவு பாக்கி இருக்கு?" என்றார். படுத்த படுக்கையாகிவிட்டால் என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்? உங்கள் தங்கையா? அவள்தான் என்னோடு பேசுவதே இல்லையே.

வலி வருவதற்குக் கொஞ்சம் முன்பு, இந்த வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். நான் சிரித்தேன். அதுவும் அந்தக் கம்பவுண்டர் எதிரிலேயே சிரித்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து படுக்கையில் அவள் சுவரைப் பார்த்து, நான் வலித்தாலும் வலப்பக்கமாக ஜன்னலைப் பார்த்து. வீட்டில் பேச்சு என்றால் "கேஸ் தீந்துடுச்சு", அவ்வளவுதான்.

இருந்தாலும் டாக்டரிடம் கூடவே வந்தாள், வாயைத் திறக்காமல். டாக்டரம்மா எக்ஸ்ரேவைப் பார்த்து, இடுப்பை அமுக்கிப் பார்த்து, "எலும்பு நல்லாத்தான் இருக்கு. இது பர்சைட்டிஸ். எலும்பும் தசையும் உராயாம இருக்க நடுவுல சின்னதா ஒரு பை இருக்கும், உள்ள கொஞ்சம் திரவம். அது வீங்கியிருக்கு" என்றார். பை என்றதும், "உடைஞ்சிட்டா?" என்றேன். "உடையாது. ஒரே பக்கமா படுத்துப் படுத்து அழுத்தியிருக்கீங்க, படி வேற. ஐஸைத் துணியில சுத்தி ஒத்தடம் குடுங்க. கொஞ்ச நாள் படி ஏறி இறங்காதீங்க. பயிற்சி சொல்லித் தர்றேன். அப்பவும் அடங்கலைன்னா ஊசி பாக்கலாம்." ஊசி என்றபோதே பாதி அடங்கியதுபோல் இருந்தது.

மிச்சப் பாதியில்தான் ஆபத்து. நான் பேண்ட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றதும், "முழங்காலுக்கு நடுவுல தலையணை வெச்சு இடப்பக்கம் திரும்பித்தான் படுக்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மச்சான், இடப்பக்கம் உங்கள் தங்கை இருக்கிறாள். திரும்பிப் படுத்தால் அவள் முதுகு. அவளும் திரும்பிவிட்டால் முகம். அப்போது கண் திறந்திருந்தால் நான் என்ன பேசுவது? நேற்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தேன். இடுப்பு தேவலை, நெஞ்சுதான் படபடவென்று அடித்துக்கொண்டது. இடம் மாற்றிப் படுக்கலாமென்றால், அதைக் கேட்க அவளிடம் பேச வேண்டும்.

ஆகவே வீக்கம் வற்றும்வரை உங்கள் தங்கையை உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். போனவள் திரும்பி வராமலே இருந்துவிடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது. அதனால் அழைக்கும்போதே, எப்போது திரும்புவாள் என்பதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் முழு இடுப்போடு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
நொண்டியபடி,
உங்கள் மைத்துனன்

பி.கு.: அண்ணா, நான்தான் எழுதுகிறேன். படி இறங்கக் கூடாதென்பதால் இதைத் தபாலில் போட என்னிடமே நீட்டினார், உறையை ஒட்டக்கூட இல்லை. என்னை அழைத்துப்போக வரவேண்டாம். கம்பவுண்டர் சொன்ன அன்றிலிருந்து இவரைவிட நான்தான் பயந்துபோய்க் கிடந்தேன். சுவரைப் பார்த்து அழுததெல்லாம் இவருக்குத் தெரியாது. மல்லாந்து படுத்தாலும் போதும் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். இவர் திரைக்குப் பின்னால் பேண்ட் மாட்டிக்கொண்டிருந்தபோது, "இடப்பக்கம்னு மட்டும் சொல்லுங்க டாக்டர்" என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.