அங்குலம் கழித்துவைத்த கட்டு

மனிதனுக்குத் தலை எதற்காகப் படைக்கப்பட்டது என்பதில் அங்குலத்துக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. முடி விளைவதற்கு. கண், மூக்கு, மூளை எல்லாம் அந்த நிலத்துக்குப் போட்ட வரப்பு. இருபத்தாறு வயதிலேயே வழுக்கை விழுந்துவிட்ட என்னை முதல் நாள் ஏற இறங்கப் பார்த்தவர், "நைனா, உன்கிட்ட நமக்கு யாவாரம் இல்ல" என்றார். அன்றிலிருந்து நண்பர்களானோம்.

அறுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் எங்கள் முடி ஏற்றுமதிக் கம்பெனி. சீமையில் பெண்களெல்லாம் டோப்பா வைத்துக்கொள்ளத் துடித்த காலம். பெரியபாளையத்திலும் சுற்றுப்பட்ட கோயில்களிலும் வேண்டுதலுக்கு இறக்கிய முடி சாக்கு சாக்காக வந்து சேரும். பதினோரு பெண்கள் அதை அலசி, சிக்கெடுத்து, ஆணிப் பலகையில் சீவிக் கொடுப்பார்கள். நீளம் பார்த்துத் தரம் பிரிப்பவர் அங்குலம். அவருக்கு வேறு பெயர் உண்டு என்பது சம்பளத்தன்று கையெழுத்துப் போடும்போதுதான் தெரியும். நான் டைப்பிஸ்ட். 'பொருள்: மனித முடி. விளைந்த நாடு: இந்தியா' என்று அடிப்பேன். ஆங்கில இலக்கியம் படித்ததற்கு எனக்குக் கிடைத்த பலன் அது.

அவருடைய மேஜை விளிம்பில் அளவுகோல் பதித்திருந்தது. அதன்மேல் அவர் டீ கிளாஸ் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றை முடியை இரு விரல்களுக்கிடையே உருட்டி, எந்தப் பக்கம் வேர், எந்தப் பக்கம் நுனி என்று சொல்லிவிடுவார். இரண்டும் கலந்து கட்டினால் டோப்பா சடை பிடித்துவிடும். பெட்டி திரும்பி வந்துவிடும். அவர் கட்டிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பியதில்லை. இருபத்து நான்கு அங்குலத்துக்கு மேலிருந்தால் முதல் தரம். அதற்கு மட்டும் சிவப்புக் கம்பளி நூலால் இரட்டை முடிச்சு. அந்த முடிச்சு அவருக்குத்தான் வரும்.

தொந்தரவு என்னவென்றால், மனிதர் வெளியிலும் தரம் பிரித்தார். ஒருமுறை பொன்னேரி பஸ்ஸில் முன்சீட்டுப் பின்னலைப் பார்த்து, "முப்பது! ஃபஸ்ட் கிளாஸ் சரக்கு!" என்று வாய்விட்டுச் சொன்னார். பின்னலுக்குப் பக்கத்திலிருந்த மீசை எழுந்து நின்றது.

"இன்னாய்யா சரக்கு?"

"கோச்சிக்காத சார். நான் எக்ஸ்போர்ட்டு."

பதவி எடுபடவில்லை. இரண்டு மைல் நடந்தோம். "நல்லதத்தான சொன்னேன், நைனா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

முதலாளி மகள் கல்யாணத்தில் இன்னும் மோசம். மணமேடைக்கு மூன்றடி தூரத்தில் நின்று, "பதினாறு சொந்தம். மிச்சம் நம்ம ஷெட்டு" என்று தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பு முதலாளியம்மா காதில் விழுந்தது. பாயசம் வருவதற்குள் நாங்கள் ரோட்டில் இருந்தோம்.

இப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு கட்டு விஷயத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் தப்புச் செய்தார். கழிசல் தட்டின் மூலையில் கறுகறுவென்று ஒரு கட்டு. ஏற்றுமதிக்குப் பெட்டி கட்டும்போதெல்லாம் அதை எடுப்பார், பார்ப்பார், மறுபடி கழிசலிலேயே வைப்பார்.

"அண்ணே, நீளமாத்தானே இருக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வேரும் நுனியும் கலந்துகினு கீது. நீ போயி மிசினு தட்டு."

பக்கத்தில் சீவிக்கொண்டிருந்த வனஜா சட்டென்று குனிந்துகொண்டாள். நானும் போய் 'கழிசல்: ஒரு கட்டு' என்று தட்டினேன். பெட்டிக்குப் பெட்டி தட்டினேன்.

எழுபதுகள் பிறந்தன. வாங்குகிறவர்களிடமிருந்து கடிதத்தோடு ஒரு சின்னப் பை வந்தது. செயற்கை முடியாம். அங்குலம் உருட்டிப் பார்த்தார். வேருமில்லை, நுனியுமில்லை. தீக்குச்சி கிழித்து வைத்தார். முடி பொசுங்கும் நாற்றத்துக்குப் பதில் வாளி உருகும் நாற்றம் வந்தது.

"பிளாஸ்டிக்கு! இத எவ தலைல வெச்சிப்பா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம். எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

பதினோரு பெண்கள் ஆறானார்கள். கடைசியில் ஒரே ஒரு பெட்டிக்கு ஆர்டர் வந்தது. முழுக்க முதல் தரம். பெட்டி நிறைந்து, அவர்களுக்கும் பிடித்துவிட்டால் மேலும் ஆர்டர் வரலாம். இல்லையென்றால் ஷெட்டுக்குப் பூட்டு. மறுநாள் கப்பல். தராசில் ஒரு கட்டு குறைந்தது.

முதலாளி கழிசல் தட்டைக் கவிழ்த்தார். அந்தக் கட்டு கையில் வந்தது.

"யோவ், இது முதல் தரமாச்சே!"

"கலப்பு, மொதலாளி."

"எங்க, உருட்டிக் காட்டு."

அங்குலம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வனஜா என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சார், அது அவரு பொண்ணு செல்வியோடது. மஞ்சக்காமால. பொழச்சா எறக்குறேன்னுதான் எல்லாரும் வேண்டிக்குவாங்க. இவுரு பொறுக்கமாட்டாம முன்னாடியே எறக்கிட்டாரு. பொழைக்கல சார். ரெண்டு மாசம் கழிச்சி நம்ம சாக்குல வந்து உழுந்திச்சி. பின்னலு அப்டியே இருந்திச்சி. நுனில செவப்பு நூலு, நம்ம முடிச்சி. தெனம் அவருதான் பின்னி உடுவாரு."

உள்ளே போய் முதலாளி காதில் சொன்னேன். அவர் கட்டை மேஜையில் வைத்தார். "வேணாம்யா. மூடிக்கலாம்" என்றார்.

அங்குலம் அந்த ஆறு பெண்களையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். முதல்முறையாக முகத்தை. பிறகு கட்டைப் பிரித்தார். ஆணிப் பலகையில், வலிக்குமோ என்பதுபோல், மெதுவாகச் சீவினார். அதே பழைய சிவப்பு நூலால் இரட்டை முடிச்சுப் போட்டுப் பெட்டியில் வைத்தார்.

"அடிச்சிக்க நைனா. இருவத்தெட்டு. ஃபஸ்ட் கிளாஸ்."

பெட்டி போயிற்று. பதிலும் வந்தது. சரக்கு பிரமாதம், நன்றி, இனிமேல் செயற்கை முடி மட்டுமே வாங்குவதாக உத்தேசம். நான்தான் படித்து மொழிபெயர்த்தேன். 'பிரமாதம்' என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

ஷெட்டைப் பூட்டிய அன்று பஸ்ஸுக்காக நின்றோம். எதிரே எத்தனையோ பின்னல்கள் போயின. அவர் ஒன்றையும் அளக்கவில்லை.

"நைனா, அது இந்நேரம் எவ தலைலயாச்சும் இருக்கும் இல்ல?"

"இருக்கும்ணே."

"இங்க சும்மா தட்டுல கெடந்திச்சி. அங்கன்னா பூவாச்சும் வெப்பா. செல்விக்குக் கனகாம்பரம்னா உசுரு."

அந்த ஊர்ப் பெண்கள் கூந்தலில் கனகாம்பரம் வைப்பதில்லை. ஆங்கில நாவல்களாகப் படித்துத் தள்ளியவன் நான், எனக்குத் தெரியாதா?

"வெப்பாண்ணே," என்றேன். "தெனம் வெப்பா."