மேற்கைத் தொலைத்த மூன்று பக்கங்கள்

நான் தமிழ் எம்.ஏ. இதை யாரும் கேட்காமலே சொல்வது என் வழக்கம். ராஜபாளையத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். அங்கே என் தமிழுக்கு வேலை வந்தது ஒரே ஒரு முறை.

தேவதானத்திலிருந்து வெள்ளத்தாய் என்ற அம்மாள் மனு கொண்டுவந்தார். அவர் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலக்காரர் பாண்டிதுரை வேலி போட்டு அடைத்துவிட்டார். நெல் முற்றி நிற்கிறது. அறுவடை மிஷின் போக வேறு வழியில்லை. பத்திரத்தில் ‘மேல்புறம் வண்டிப்பாதை’ என்று தெளிவாகவே இருந்தது.

புதிதாக மாறுதலில் வந்திருந்த அதிகாரி கேட்டார்: “மேல்புறம்னா என்னங்க?”

“மேற்கு சார்” என்று சொல்லியிருக்கலாம். நான் மூன்று பக்கக் குறிப்பு எழுதினேன். மேற்கே மலை, நிலம் மேலே ஏறுவதால் மேற்கு. எதிர்ப்பக்கம் கீழே இறங்குவதால் கிழக்கு. ‘உயர்ந்தது மேல், தாழ்ந்தது கீழ் என்பது இதனால் இனிது விளங்கும்’ என்று முடித்தேன்.

அதிகாரிக்கு இனிது விளங்கிவிட்டது. உயரத்தை அளந்துவரச் சர்வேயர் வினோத்தை அனுப்பினார். வெள்ளத்தாய் போன வருஷம் வயலுக்குக் கண்மாய் மண் அடித்திருந்ததால், வயலைவிடப் பாதை அரையடி தாழ்ந்திருந்தது.

உத்தரவு போனது: ‘மேற்படி பாதை தாழ்வாக இருப்பதால் அது கிழக்கு எனக் கருதப்படுகிறது. மேற்கில் பாதை ஏதும் காணப்படவில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது.’

வெள்ளத்தாய் ஓடிவந்தார். “அய்யா, பொழுது அங்கிட்டுத்தான அடையுது?”

“அதுக்கு உண்டான ஆவணம் மனுவோட இணைக்கலையேம்மா” என்றார் அதிகாரி.

“அப்பம் நான் என்னய்யா செய்ய?”

“பாதை உயர்ந்தா மேற்கு. ரூல் அம்புட்டுதான்.”

வெள்ளத்தாயும் நாலு பெண்களும் எட்டு நாள் கூடையில் மண் சுமந்து பாதையை உயர்த்தினார்கள். பாண்டிதுரை தடுக்கவில்லை. கிழக்கில் யார் என்ன செய்தால் அவருக்கென்ன? வினோத் மறுபடி அளந்தார். பாதை மூன்று அங்குலம் மேலே! மேற்கு தன் இடத்துக்குத் திரும்பியது, வேலி அகன்றது, மிஷின் இறங்கியது. அதற்குள் கால்வாசி நெல் வயலிலேயே உதிர்ந்திருந்தது.

உத்தரவு நகலை வாங்க வந்த வெள்ளத்தாய் என் மேஜை முன்னால் நின்றார்.

“மேக்குன்னு ஒத்த வார்த்தை சொன்னா முடிஞ்சிருக்குமாமே. மூணு பக்கம் எதுக்குய்யா எழுதுனிய?”

நான் ஃபைலுக்குள் குனிந்து வெகுநேரம் தேடினேன். நிமிர்ந்தபோது அவர் போயிருந்தார்.

மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த அலுவலர் கூட்டத்தில் என் குறிப்பைப் பாராட்டி எல்லோருக்கும் நகல் கொடுத்தார்கள். எழுந்து நின்று கும்பிட்டேன். கண் கலங்கியதாகக்கூட ஞாபகம்.

இப்போது தம் மேற்கு கிழக்காகிவிடக் கூடாதென்று ஊரில் எல்லோரும் மண் அடிக்கிறார்கள். பாண்டிதுரை மட்டும் நாற்பது லோடு. மழை பெய்தால் மலைத்தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் அதிகாரி என்னைத்தான் குறிப்பு எழுதச் சொல்வார்.

இரண்டு பக்கம் முடித்துவிட்டேன்.